பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

கேள்வி: கோவையில் பல கிளைகள் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் டேட்டா இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். ஆறு வருடப் பரிசோதனை முடிவுகளைக் கிளவுடில் ஒரே இடத்தில் சேர்த்து ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து அலசுகிறோம். ஆபீஸில், பல கணினிகளைச் சேர்த்துப் பெரிய டேட்டாவை வைக்கும் பழைய ஹடூப் கிளஸ்டர் ஒன்றும் இன்னும் ஓடுகிறது. போன மாதம் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் குழு நீரிழிவு ஆய்வுக்காக டேட்டா கேட்டது. பெயரையும் முகவரியையும் நீக்கி, மொபைல் எண்ணை ஷா-256 ஹேஷாக மாற்றிக் கொடுத்தோம். பிறந்த தேதி, பாலினம், பின்கோடு, கிளை, பரிசோதனைத் தேதி, முடிவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எனக்கு உறுத்தலாக இருக்கிறது. மேனேஜரிடம் சொன்னால், "பேரை எடுத்தாச்சு, நம்பரை ஹேஷ் பண்ணியாச்சு, கிளவுட்ல என்கிரிப்ஷனும் இருக்கு. இதுக்கு மேல என்னம்மா பயம்?" என்கிறார். அவர் சொல்வது சரியா? நாளைக்கு ஏதாவது ஆனால் நான் மாட்டிக்கொள்வேனா? இதையெல்லாம் முறையாகக் கற்க எந்த கோர்ஸ் படிக்கலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உங்கள் உறுத்தல் நியாயமானது. மேனேஜர் சொன்ன மூன்றுமே நடந்திருக்கின்றன, அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மூன்றும் சேர்ந்தும் உங்கள் நோயாளிகளைக் காப்பாற்றவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பெரிய நிறுவனங்களிலும் இதே மூன்றைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த ஹேஷ். ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்கென்று எப்போதும் ஒரே எழுத்துக் கோர்வையைத் தருகிற கணக்கு அது; ஷா-256 அதில் ஒரு முறை. ஷா-256 ஹேஷைப் பின்னோக்கித் திருப்ப முடியாது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் இங்கே யாரும் திருப்பவே வேண்டியதில்லை. இந்திய மொபைல் எண் பத்து இலக்கம், 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் இருக்கக்கூடிய எண்களே 400 கோடிதான். கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியும். கேம் விளையாடுகிற பையன்கள் வாங்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று அத்தனைக்கும் ஷா-256 போட்டு முடிக்கச் சில நொடிகள் போதும். ஒருமுறை போட்டு அட்டவணையாக வைத்துக்கொண்டால், நீங்கள் கொடுத்த ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு ஹேஷுக்கும் நேராக மொபைல் எண்ணை எழுதிவிடலாம். எண் கிடைத்தால் பெயர் கிடைக்க எவ்வளவு நேரமாகும்?

இதைவிட எளிய வழியும் உண்டு. ஒருவருக்குத் தன் சம்பந்தி வீட்டாரைப் பற்றியோ எதிர்வீட்டுக்காரரைப் பற்றியோ மட்டும் தெரிந்தால் போதும் என்று வையுங்கள். அந்த ஒரு எண்ணுக்கு ஹேஷ் போட்டு ஃபைலில் தேடினால் முடிந்தது. கிராபிக்ஸ் கார்டுகூட வேண்டாம். மேனேஜரிடம் வாதாடிக்கொண்டிருப்பதைவிட, அவர் அனுமதியோடு அவருடைய சொந்த எண்ணையே அந்த ஃபைலில் தேடிக் காட்டுங்கள். உங்கள் லேபில் அவர் ஒருமுறையாவது ரத்தம் கொடுத்திருப்பார். பத்து நிமிட வேலை, ஆனால் பத்து மீட்டிங் செய்யாததைச் செய்யும்.

இது ஏட்டுக் கதையும் இல்லை. நியூயார்க் நகரத்தின் டாக்சிப் பயண விவரங்கள், 2013ஆம் ஆண்டுக்குரியவை, 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள், தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 2014இல் வெளியே வந்தன. டாக்சி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் எம்டி5 ஹேஷாக மாற்றித்தான் கொடுத்திருந்தார்கள். டாக்சி எண்ணுக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. அந்த வடிவில் வரக்கூடிய எண்கள் இரண்டு கோடி சொச்சம்தான் என்பதைக் கவனித்த விஜய் பாண்டுரங்கன் என்ற பொறியாளர் சில மணி நேரத்துக்குள் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டார். எந்த ஓட்டுநர் எங்கே போனார், எவ்வளவு சம்பாதித்தார் என்பது வரை தெரிந்துவிட்டது. அப்புறம் இன்னொருவர், பிரபலங்கள் டாக்சியில் ஏறும் பத்திரிகைப் படங்களில் தெரிந்த டாக்சி எண்ணை இதோடு பொருத்தி, யார் எங்கே இறங்கினார், டிப்ஸ் எவ்வளவு கொடுத்தார் என்றே எடுத்துக் காட்டினார். எம்டி5க்குப் பதிலாக ஷா-256 போட்டிருந்தாலும் கதை மாறியிருக்காது. பலவீனம் ஹேஷ் முறையில் இல்லை. உள்ளே போகும் எண்கள் குறைவாக இருப்பதில்தான்.

'சால்ட் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமே' என்று உங்கள் டீமில் யாராவது சொல்வார்கள். ஹேஷ் போடும் முன் எண்ணோடு ஒட்டும் கூடுதல் எழுத்துகள்தான் சால்ட். எல்லா எண்ணுக்கும் ஒரே சால்ட், அதுவும் புரோகிராம் எழுதி ஓட்டும் நோட்புக்கின் மூன்றாவது வரியிலேயே எழுதி வைத்திருக்கிறது என்றால், அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். உங்களுக்கு வேண்டியது ரகசிய விசை சேர்த்துப் போடும் எச்மேக். விசை புரோகிராம் கோடிலும் இருக்கக் கூடாது, கோடின் எல்லாப் பதிப்புகளையும் சேமிக்கும் கிட்டிலும் இருக்கக் கூடாது. கிளவுடின் விசை மேலாண்மைச் சேவைக்குள் இருக்க வேண்டும். அதை எடுக்கும் உரிமை ஹேஷ் போடும் அந்த ஒரு ஜாபுக்கு மட்டும் இருக்க வேண்டும். இன்னொன்று: வெளியே ஒவ்வொருவருக்கும் கொடுக்கும்போது வேறு வேறு விசை பயன்படுத்துங்கள். அப்போது இந்தக் கல்லூரிக்குப் போன ஃபைலையும் நாளை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும் ஃபைலையும் யாராவது பக்கத்தில் வைத்தாலும், அந்த எண்ணை வைத்து ஒட்ட முடியாது. இதைவிட நல்லது டோக்கன் முறை. ஒவ்வொரு நோயாளிக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு எண்ணைக் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வைப்பது. கொஞ்சம் வேலை அதிகம், ஆனால் உடலைப் பற்றிய டேட்டாவுக்கு அந்த வேலை தகும்.

சரி, மொபைல் எண்ணை முழுக்க நீக்கிவிட்டோம் என்றே வையுங்கள். அப்போதும் பிரச்சினை தீராது. உண்மையில் எனக்கு இதுதான் பெரிய கவலை.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். ஆளுநர் வில்லியம் வெல்ட், யாருடைய அந்தரங்கத்துக்கும் பங்கம் வராது என்று உறுதி கூறினார். அப்போது மாணவியாக இருந்த லத்தான்யா ஸ்வீனி, ஆளுநர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கி இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அந்த ஊரில் ஆளுநர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் ஆறு பேர். அதில் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவர்தான். அவ்வளவுதான், ஆளுநரின் மருத்துவ விவரம் கையில். அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைப் பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்தே தனித்துக் காட்டிவிட முடியும் என்று பிறகு அவர் கணக்கிட்டுச் சொன்னார்.

நீங்கள் கல்லூரிக்குக் கொடுத்த ஃபைலில் அதே மூன்றும் இருக்கின்றன. கூடவே கிளையும் பரிசோதனைத் தேதியும். நம் ஊர் வாக்காளர் பட்டியலில் பிறந்த தேதி கிடையாது, வயதுதான் இருக்கும். ஆனால் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண், பாலினம் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கிற பட்டியல் அது. பிறந்த தேதிக்கு என்ன பஞ்சம்? வாட்ஸப் ஸ்டேட்டஸில் வாழ்த்துப் போடாத வீடு எது?

தேதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீரிழிவுக்காரர்கள் பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பார்க்க வருவார்கள். மார்ச்சில் ஆர்.எஸ்.புரம் கிளை, ஜூனில் அதே கிளை, செப்டம்பரில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் பொள்ளாச்சி கிளை என்று ஒரு வரிசை உருவாகும். அந்த வரிசை ஊரில் வேறு யாருக்கும் இருக்காது. மொபைல் போன் இருப்பிடத் தரவை வைத்து 2013இல் வந்த ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரில் 95 சதவீதத்தினரை 'எந்த இடம், எந்த நேரம்' என்ற நான்கே புள்ளிகளால் தனித்துக் காட்ட முடியும் என்று நிறுவியது. லேபுக்கு வந்துபோன நாட்களுக்கும் அதே நியாயம்தான். ஒரு நோயாளியோடு துணைக்கு வந்த உறவினருக்கு அந்த நாட்களில் இரண்டு மூன்று நினைவிருந்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றையும் கேட்கிறேன். 'முடிவுகள்' என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். அதில் எச்ஐவி பரிசோதனை முடிவும் இருக்கிறதா? அறுவை சிகிச்சைக்கு முன்னும் கர்ப்ப காலத்திலும் வழக்கமாக எடுக்கிற பரிசோதனை என்பதால், உங்கள் டேட்டாவில் நிச்சயம் இருக்கும் என்றே நினைக்கிறேன். 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த விவரத்தை வெளியிடுவதற்குக் கடும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்றும் தனிப் பிரிவே இருக்கிறது. நீரிழிவு ஆய்வுக்கு அந்த எச்ஐவி விவரம் எதற்கு? கல்லூரிக்குப் போன ஃபைலில் அது இருந்தால், இந்தக் கடிதத்தின் மீதியைப் படிக்கும் முன்னரே மேனேஜரைப் பார்த்துப் பேசுங்கள்.

அந்தக் கல்லூரி விவகாரத்தை எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம். கொடுத்த ஃபைலைத் திரும்பப் பெற வேண்டும். டேட்டாவைப் பொறுத்தவரை 'திரும்பப் பெறுவது' என்றால், அழித்துவிட்டோம், இன்னின்னாரிடம் பிரதி இருந்தது, அதையும் அழித்துவிட்டோம் என்று அந்தத் துறைத் தலைவர் எழுத்தில் தருவதுதான். அவர்கள் மேல் சந்தேகப்பட்டுக் கேட்பதுபோல் கேட்காதீர்கள். 'எங்கள் பக்கம் ஒரு திருத்தம், புதிய ஃபைல் தருகிறோம், பழையதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்' என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கூடவே, அவர்கள் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி இந்த ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்த கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மனிதர்களின் மருத்துவத் தரவை வைத்து நடக்கும் ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறைகள் அதை எதிர்பார்க்கின்றன. நல்ல ஆராய்ச்சிக் குழு என்றால் ஏற்கெனவே வைத்திருப்பார்கள்.

புதிய ஃபைலில் பிறந்த தேதிக்குப் பதில் ஐந்தைந்து வயது வகுப்பு போடுங்கள். வயது மிக முதிர்ந்தவர்கள் சிலரே இருப்பார்கள் என்பதால் அவர்களை ஒரே வகுப்பில் சேர்த்துவிடுங்கள். மருத்துவ விவரங்களின் அந்தரங்கம் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதி 90 வயதும் அதற்கு மேலும் என்று ஒரே கூடையில் போடச் சொல்வது இதற்காகத்தான். பின்கோடில் முதல் மூன்று இலக்கம் போதும். 641 என்றால் கோவை வட்டாரம் என்று தெரியும், எந்தத் தெரு என்று தெரியாது. கிளையின் பெயரை நீக்குங்கள். தேதிகளை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக, இத்தனை நாள் என்று தோராயமாக ஓர் எண்ணை எடுத்து நகர்த்துங்கள். ஒரே நோயாளியின் எல்லாத் தேதிகளும் ஒரே அளவு நகரும் என்பதால் இரண்டு பரிசோதனைக்கு இடையில் எத்தனை நாள் என்பது மாறாது. ஆய்வுக்கு வேண்டியது அந்த இடைவெளிதான். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பதிவுகளை வைத்து உருவான மிமிக் என்ற தரவுத்தொகுப்பை உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் நோயாளிகள் 2100களில் அட்மிட் ஆனதுபோல் தேதி இருக்கும். இதே உத்திதான். அதையும் சும்மா டவுன்லோடு செய்ய முடியாது. பயிற்சி முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தருவார்கள். 'இப்படியெல்லாம் செய்தால் ஆராய்ச்சி எப்படி நடக்கும்' என்று மேனேஜர் கேட்டால் மிமிக்கைச் சொல்லுங்கள்.

இதைவிட நல்ல வழி, ஃபைலையே கொடுக்காமல் அவர்களை உங்கள் இடத்துக்கு வரவழைப்பது. உங்கள் கிளவுடில் தனியாக ஒரு ஒர்க்ஸ்பேஸ், டவுன்லோடு வசதி இல்லாமல். அவர்கள் அங்கேயே அலசி, முடிவு அட்டவணையை மட்டும் நீங்கள் பார்த்து வெளியே விடுவது. அட்டவணையில் பத்துப் பேருக்குக் குறைவான கட்டம் எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்கிரிப்ஷன், அதாவது விசை இல்லாமல் படிக்க முடியாதபடி டேட்டாவைப் பூட்டி வைப்பது. அமேசான் எஸ்3 சேமிப்பில் 2023 ஜனவரியிலிருந்து புதிதாகப் போகும் எல்லாமே தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஆகும். அது எதிலிருந்து காக்கிறது? யாராவது டேட்டா சென்டருக்குள் புகுந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனால் காக்கும். படிக்கும் உரிமையுள்ள கணக்கு ஒன்று கேட்டால், அது யார் கையில் இருந்தாலும் சரி, சேமிப்புச் சேவை பணிவாகத் திறந்து கொடுத்துவிடும்.

2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்தது இதுதான். இணையத்தைப் பார்த்திருந்த ஒரு ஃபயர்வால் சர்வர் சரியாக அமைக்கப்படவில்லை. அதை ஏமாற்றி, 169.254.169.254 என்ற உள் முகவரியிடம் கேட்க வைத்தார் தாக்கியவர். கிளவுட் எந்திரங்கள் தங்கள் அடையாளச் சான்றை வாங்கிக்கொள்ளும் முகவரி அது. அந்தச் சான்று கையில் வந்ததும் வங்கியின் எஸ்3 பக்கெட்டுகளை, அதாவது டேட்டா சேமித்திருந்த தொகுப்புகளை, பட்டியலிட்டுப் பார்த்துப் படித்துக்கொண்டார். அமெரிக்காவில் சுமார் 10 கோடி, கனடாவில் சுமார் 60 லட்சம் பேருடைய விவரம். ஒரு ஃபயர்வாலுக்கு அத்தனை பக்கெட்டையும் படிக்கும் உரிமை எதற்கு என்று முன்பே யாராவது கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என்கிரிப்ஷன் இருந்தது, அந்தச் சான்றுக்கு அது தானாகத் திறந்துகொண்டது. ஆனால் டோக்கனாக மாற்றி வைத்திருந்த விவரங்கள் தப்பித்தன. அதனால்தான் பெரும்பாலான சமூகப் பாதுகாப்பு எண்கள் வெளியே போகவில்லை. வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விழுந்தது. நான் மேலே டோக்கன் முறையை அவ்வளவு வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் இடத்தில் உடனே பார்க்க வேண்டியது இது: ஸ்பார்க் ஜாபுகள் எந்தக் கணக்கில் ஓடுகின்றன? என் அனுபவத்தில், இப்படி ஐந்தாறு பேர் உள்ள டீம்களில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கணக்கு இருக்கும், அதற்கு எல்லாவற்றையும் படிக்கவும் அழிக்கவும் உரிமை இருக்கும், அதன் ஆக்சஸ் கீ யாரோ வேலையை விட்டுப் போனவர் போட்டது. மூன்று ஜாபுக்கு மூன்று கணக்கு என்று பிரியுங்கள். ஆட்களுக்கு நிரந்தர ஆக்சஸ் கீயே வேண்டாம். காலையில் லாகின் செய்தால் மாலையில் காலாவதியாகிற தற்காலிகச் சான்று போதும். எல்லோருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். 2024இல் ஸ்னோஃப்ளேக் என்ற டேட்டா கிளவுடை வைத்திருந்த நிறுவனங்களின் டேட்டா வரிசையாகத் திருடப்பட்டதே, ஏடி அண்ட் டி, டிக்கெட்மாஸ்டர் எல்லாம்? அங்கே யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. வைரஸ் பிடித்த கணினிகளிலிருந்து திருடிய பாஸ்வேர்டைப் போட்டு முன்வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். பறிபோன கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை.

ஆபீஸில் ஓடும் அந்தப் பழைய ஹடூப் எனக்கு இன்னும் பயம் தருகிறது. கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் கெர்பெரோஸ் என்ற முறையைப் போடாத ஹடூப், நீங்கள் உங்கள் பெயரை என்னவென்று சொல்கிறீர்களோ அதை அப்படியே நம்பும். ஒரு சூழல் மாறியில் அட்மின் பெயரை எழுதிவிட்டுக் கட்டளை கொடுத்தால், வந்திருப்பவர் அட்மின்தான் என்று எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு கேட்காது. நம்பிக்கையான ஆட்கள் மட்டுமே உள்ள ஒரு நெட்வொர்க்குக்குள் ஓடும் என்று எண்ணி உருவாக்கியது அது. 'எங்கள் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் தானே' என்பீர்கள். அந்த நெட்வொர்க்கில் ரிசப்ஷன் கம்ப்யூட்டரும், வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வைஃபையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். யாராவது வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக 8088 போர்ட்டை, அதாவது கிளஸ்டருக்கு வேலை கொடுக்கும் வாசலை, வெளியே திறந்துவிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தப் போர்ட் திறந்திருந்தால் இணையத்தில் இருக்கும் யாரும் உங்கள் கிளஸ்டரில் தங்கள் புரோகிராமை ஓட்டலாம். கிரிப்டோ காசு தோண்டுகிறவர்களுக்கு அது பிடித்தமான வாசல். 2017 ஜனவரியில் மாங்கோடிபி, எலாஸ்டிக்சர்ச் என்ற தரவுத்தள சர்வர்களைத் துடைத்துவிட்டுப் பணம் கேட்ட கும்பல்கள் ஹடூப் பக்கமும் வந்தன. சில கிளஸ்டர்களில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு ஃபோல்டரை விட்டுப் போனார்கள். 'உனக்கு டேட்டா கிடையாது, ஒழுங்காகப் பாதுகாத்துக்கொள்' என்பதை, இங்கே எழுத முடியாத ஒரு சொல்லைச் சேர்த்து, அந்த ஃபோல்டருக்கே பெயராக வைத்திருந்தார்கள். அந்தக் கிளஸ்டரில் உள்ளது எல்லாம் கிளவுடுக்கு வந்துவிட்டது என்றால், கெர்பெரோஸ் போட்டுப் போராடாமல் அதை நிறுத்திவிடுங்கள். டிஸ்க்கை முறையாக அழித்துவிட்டுத்தான் பழைய சாமான் கடைக்குப் போட வேண்டும்.

பிக் டேட்டாவில் பாதுகாப்பைக் கெடுப்பது பெரும்பாலும் ஹேக்கர் இல்லை, பிரதிகள்தான். ஒரு நோட்புக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஷோ என்று அடித்து டேபிளைப் பார்ப்போம். ஸ்பார்க் தானாக இருபது வரிகளைக் காட்டும். நோட்புக்கை சேவ் செய்யும்போது அந்த இருபது வரிகளும் கூடவே சேவ் ஆகும். கிட்டுக்கு அனுப்பினால் அங்கேயும் போகும். இருபது பேருடைய கிரியேட்டினின் அளவு, வயது, போன் நம்பரோடு, உங்கள் கோடோடு கோடாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த நாள் கவனித்து நீக்கினாலும் பழைய கமிட்டில் இருக்கும். வெளியீட்டைத் துடைத்துவிட்டு மட்டுமே கிட்டுக்குப் போக விடும் ஒரு சிறிய ஹூக்கை எல்லோர் கணினியிலும் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. லாகும், அதாவது புரோகிராம் தானாக எழுதி வைக்கும் நடப்புக் குறிப்பும், இப்படித்தான். தவறான வரி ஒன்று வந்தால் 'இந்த வரியைப் படிக்க முடியவில்லை' என்று முழு வரியையும் லாகில் கொட்டும் கோடு எல்லா இடத்திலும் இருக்கிறது. டேட்டாவுக்கு ஆயிரம் கட்டுப்பாடு வைப்பார்கள், லாகை ஆபீஸில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

டெலிட் செய்வதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒரு நோயாளி 'என் விவரத்தை நீக்குங்கள்' என்று கேட்டால், பழைய பதிப்புகளையும் வைத்துக்கொள்ளும் டெல்டா டேபிளில் டெலிட் கொடுத்துவிட்டு 'நீக்கியாயிற்று' என்று பதில் எழுதுவீர்கள். டேபிளைக் கேட்டால் அந்த வரி வராது. ஆனால் டேட்டா உண்மையில் இருக்கும் பழைய பார்க்கே ஃபைல் அங்கேயேதான் இருக்கும். முந்தைய பதிப்பைக் கேட்டால் அந்த நோயாளியும் திரும்ப வருவார். பழைய ஃபைல்களைத் துடைக்கும் வேக்யூம் கட்டளையை ஓட்டினால்தான் அது போகும், அதுவும் வழக்கமாக ஏழு நாட்களுக்கு முந்தைய ஃபைல்களை மட்டுமே எடுக்கும். வேக்யூமைக் கால அட்டவணையில் போட்டிருக்கிறீர்களா? பக்கெட்டில் பழைய பிரதிகளை வைத்துக்கொள்ளும் வெர்ஷனிங் இருந்தால் வேக்யூம் அழித்ததும் அழியாது. பேக்கப் வேறு. எனவே ஒரு காகிதத்தில், ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, அவருடைய ரத்த முடிவு லேப் மெஷினிலிருந்து கிளம்பி எங்கெங்கே போய் உட்கார்கிறது என்று வரைந்து பாருங்கள். சிஎஸ்வியாக யார் லேப்டாப்பில், மார்க்கெட்டிங் டீமின் எந்த எக்ஸெலில், எந்த வாட்ஸப் குரூப்பில் என்பது வரை. அந்தப் படம் மேனேஜருக்குப் பிடிக்காது. ஆனால் எந்தப் பிரதியை முதலில் ஒழிக்கலாம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நீங்கள் மாட்டிக்கொள்வீர்களா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. நிறுவனத்தின் சட்ட ஆலோசகரிடம் கட்டாயம் கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆள் யார் என்று அடையாளம் காண முடிகிற எந்தத் தரவும் தனிநபர் தரவுதான். பெயர் இல்லை என்பது தப்பிக்கும் வழி ஆகாது. உங்கள் ஹேஷ் ஃபைல் அதற்குள் வருகிறது என்றே நான் கருதுகிறேன். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அது நிறுவனத்தின் மேல் விழுவது, ஊழியர் மேல் அல்ல. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவகாசம் இருக்கிறதே என்று உட்காரவும் முடியாது. சைபர் சம்பவம் தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்ற உத்தரவு 2022இலிருந்தே இருக்கிறது.

உங்களைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது, வாயால் சொன்னதை எழுத்தில் சொல்வது. மெயில் நீளமாக வேண்டாம், குற்றம்சாட்டும் தொனியும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

'சார், போன மாதம் கல்லூரிக்குக் கொடுத்த ஃபைலில் மொபைல் எண்ணின் ஹேஷிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்க முடிகிறது. உங்கள் எண்ணை வைத்தே செய்து காட்ட முடியும். பிறந்த தேதியும் பின்கோடும் இருப்பதால் ஹேஷ் இல்லாமலும் ஆட்களை அடையாளம் காணலாம். திருத்திய ஃபைல் இந்த வாரத்துக்குள் தயார் செய்துவிடுவேன். பழையதை நீக்கிவிடும்படி துறைத் தலைவருக்கு நீங்கள் ஒரு மெயில் அனுப்பினால் போதும். வாசகம் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் ஒப்புதல் வேண்டும்.'

வேலையை நீங்களே ஏற்றுக்கொண்டு, அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்று வைத்தால் பெரும்பாலான மேனேஜர்கள் 'சரிம்மா, செய்' என்றுதான் பதில் போடுவார்கள். அவர் 'வேண்டாம்' என்று பதில் போட்டால் அந்தப் பதிலையும் பத்திரமாக வையுங்கள். அடுத்து தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யாரோ அவரிடம் போங்கள். ஆதாரம் என்று நினைத்து நோயாளிகளின் ஃபைலைச் சொந்த மெயிலுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அது இன்னொரு கசிவு, அதுவும் உங்கள் பெயரில்.

கோர்ஸ் பற்றி: சான்றிதழ் வேண்டுமென்றால் நீங்கள் பயன்படுத்தும் கிளவுடின் பாதுகாப்புச் சான்றிதழே போதும், வேலை தேடும்போது அதற்கு மதிப்பு உண்டு. கைப்பழக்கத்துக்கு, வீட்டுக் கணினியில் மூன்று விர்ச்சுவல் மெஷின்களைக் கிளப்பி, ஹடூப் போட்டு, முதலில் கெர்பெரோஸ் இல்லாமல் நீங்களே அட்மின் என்று பொய் சொல்லி உள்ளே போய்ப் பாருங்கள். பிறகு கெர்பெரோஸ் போட்டு அதையே மறுபடி முயலுங்கள். ஆரம்பிக்கும் முன் மூன்று மெஷின்களின் நேரத்தையும் ஒன்றாக வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பெரோஸ் உண்மையான அட்மினையும் உள்ளே விடாது. பாதிப் பேர் அந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.